வாடைக்குக் காத்திருத்தல்

ஷெனா ஊருக்குள் நுழையும்போது காலை ஏழு.
கல்மழை விழுந்து நாற்பது மணி நேரம்.
காப்பீட்டு நிறுவனத்தின் வெள்ளைக் காரில்
ஒரு ஜோடி ரப்பர் காலணி, எழுதுபலகை,
காய் எண்ண விரலில் மாட்டும் சிறு கருவி.
இவ்வளவுதான் நான்.

வழியெல்லாம் ஃப்ளூரி, ஜூலியெனா, மோர்கோன்.
போத்தலின் வயிற்றில் மட்டும் வாசித்த பெயர்களுக்கு
இங்கே பேருந்து நிறுத்தம் இருக்கிறது.
தேவாலயக் கூரையில் ஓடு மாற்றுகிறார்கள்.
ரொட்டிக் கடைக்காரி சில்லறையோடு
என் காலணியையும் எண்ணிவிட்டுக் கேட்டாள்:
"யாருடையதிலிருந்து தொடங்குகிறீர்கள்?"
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கேட்கும் குரல்.

யோலாந்த் வாசலில் இல்லை.
சரிவின் நடுவில், கொடிகளுக்குள் குனிந்திருந்தாள்.
இங்கே கொடி பந்தல் ஏறுவதில்லை.
கைகளை மேலே விரித்த குள்ளர்கள்போல்
தனித்தனியாய் நிற்கும்;
எழுபது வயதானதுகூட என் இடுப்பைத் தாண்டாது.
காலடியில் இளஞ்சிவப்புக் கிரானைட் பொடிந்த மணல்,
நடந்தால் சர்க்கரை மிதிபடும் ஓசை.

முதல் வரிசை. இருபது குலை.
ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் திருப்ப வேண்டும்.
அடிபட்டது, பிளந்தது,
தோலில் மட்டும் தொங்குவது.
எல்லாம் பச்சைக் காய்;
கமே கறுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.
என் கை பிசுபிசுத்ததால்
நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்.
ஓர் எண்ணைக்கூடக் கூட்டிப் போடவில்லை.
எழுபது என்றேன் ஒருமுறை.
"இல்லை, அறுபத்தாறு.
இந்தக் குலையைப் போன வாரம்
நானே டிராக்டரில் இடித்தேன்."

பேச்சின் நடுவே அடிக்கடி வடக்கே பார்த்தாள்.
ஈரம் நின்றால் அழுகும், மிச்சமும் போகும்;
காய்ந்த குளிர்காற்று
வடக்கிலிருந்து இரண்டு நாள் வீசினால்
காயம் மூடிக்கொள்ளும் என்றாள்.
வாடை.
நான் வளர்ந்த மொழியில் அது
பிரிந்தவர் கதவிடுக்கில் நுழைந்து நோகடிப்பது.
இங்கே அதற்கு நர்ஸ் உத்தியோகம்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை;
எண்ணிக்கை தப்பிவிடும்.

பதினான்காம் வரிசையில் மழை நின்றுபோயிருந்தது.
நிஜமாகவே. வகிடெடுத்ததுபோல்.
இந்தப் பக்கம் கந்தல்.
முழங்கால் உயரக் கல்சுவருக்கு அந்தப் பக்கம்
கயெத்தானின் கொடிகள்,
எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளைகளாக.
அவனும் இவளும் பேசி ஒன்பது வருடம்.
வாய்க்கால் தகராறு என்றார்கள்.
ஒரு நாய் என்றும்.

பாலிசிப்படி அவன் நிலத்தையும் பார்த்தாக வேண்டும்.
பார்க்க என்ன இருக்கிறது? நிலவறைக்கு அழைத்துப்போய்
பீப்பாயிலிருந்து விரற்கடை அளவு ஊற்றினான்.
போன வருடத்துச் சிவப்பு;
செர்ரி, பிறகு நனைந்த கல், பிறகு
பெயர் தெரியாத ஏதோ ஒரு பூ.
வேலை நேரத்தில் துப்பிவிட வேண்டும்.
துப்பவில்லை.
"பூஜ்யம்தானே?"
"பூஜ்யம்."
"எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குள் மட்டும்
சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்."
திருடி அகப்பட்டவன் மாதிரி நின்றான்.
இரண்டு நாளாய் மருந்து தெளிக்கவும்
டிராக்டரை எடுக்கவில்லையாம்.
சத்தம் சுவர் தாண்டிக் கேட்குமாம்.

மாலையில் காரின் முன்மூடிமேல் தாளை வைத்து
யோலாந்த் கையெழுத்திட்டாள்:
எழுபத்தொன்று விழுக்காடு.
என் சட்டைக் கையில் கறை, இலைப் பச்சையில்.
சிவப்பு மதுவின் ஊரிலிருந்து
இந்தக் கறையோடு திரும்புகிறவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பேனாவை அவள் நீட்டும்போது
கழுத்துத் துணியின் நுனி லேசாக எழுந்தது.
இருவரும் அதையே பார்த்தோம்.
தெற்கிலிருந்து. வெதுவெதுப்பாக.
தென்றல்,
பாழாய்ப்போன தென்றல்.

சுவருக்கு அப்பால்
எச்சில் தொட்ட விரலைத் தலைக்குமேல் உயர்த்தி
கயெத்தான் நின்றிருந்தான்,
நாங்கள் பார்ப்பது தெரியாமல்.